ஈசானிய மூலை ஒரு விரல் தாழ்வு

செத்தவரைக் குறை சொல்லக் கூடாது என்பார்கள். என் அக்காவின் கணவர் விஷயத்தில் அந்த மரியாதையை நான் காட்டப் போவதில்லை. அவர் இருந்தவரை அக்காவின் முகத்துக்காக வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். போன வருஷம் அவர் போய்ச் சேர்ந்தார். திதியும் கொடுத்தாகிவிட்டது. இனி எனக்கென்ன?

சுங்கை லாலாங்கில் அக்கா வீட்டுக்குப் பின்னால் ஒரு கேரவன் நிற்கிறது. பிக்கப்புக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப் போகிற சின்ன வண்டி. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டே சக்கரம், உள்ளே ஒரு படுக்கை, ஓர் அடுப்பு, ஒரு குட்டிக் குளிர்பெட்டி. மேற்குப் பக்கத்து டயரில் காற்று போய், முட்டி மடித்த மாடு மாதிரி சாய்ந்து கிடக்கிறது. ஆள் கூட்டி வந்து நிமிர்த்தட்டுமா என்று கேட்டால் அக்கா, "கெடக்கட்டும் விடுடி. யார அது என்னா செய்யுது?" என்கிறாள். மாமா இருந்திருந்தால் அந்தச் சாய்மானத்தைப் பார்த்த மறுநிமிஷம் சட்டைப் பையில் கை விட்டிருப்பார்.

அவருடைய சட்டைப் பையில் பேனா இருக்காது. ரசமட்டம் இருக்கும். கொத்தனார் சுவரில் வைத்துப் பார்ப்பாரே, கண்ணாடிக் குழாய்க்குள் குமிழி ஓடுமே, அதில் சாண் நீளத்தில் ஒன்று. போகிற வீட்டு மேசை, கோயில் படி, டாக்டர் கிளினிக் நாற்காலி, எதையும் விட்டுவைக்க மாட்டார். வைத்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, "ம்ஹூம். மட்டம் இல்ல. அதான் இந்த வீட்டுல சண்ட" என்பார். சண்டை இல்லாத வீட்டில் அன்று சண்டை வரும்.

ரப்பர் தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். சம்பள நாளில் வரிசையில் நிற்பவர்களைக் காத்திருக்க வைத்துப் பழகிய மனிதர். வேலை ஓய்ந்த பிறகு காத்திருக்க வைக்க ஆள் இல்லை. வாஸ்துவைப் பிடித்துக்கொண்டார். வடகிழக்கு ஈசானிய மூலை, அது தாழ்ந்திருக்க வேண்டும்; தென்மேற்கு கன்னி மூலை, அது உயர்ந்திருக்க வேண்டும். இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு ஊரையே ஆட்டிவைத்தார். அவர் பேச்சைக் கேட்டுப் பக்கத்து வீட்டு அண்ணன் சமையலறைச் சுவரை இடித்தார். மழை உள்ளே வந்ததுதான் மிச்சம்.

பீடோங்கில் நான் வீடு கட்டிப் பால் காய்ச்சிய அன்று நடந்தது இன்னும் என் வயிற்றில் எரிகிறது. பால் பொங்கிக் கிழக்கே வழிந்தால் நல்லது என்று எல்லோரும் அடுப்பைச் சுற்றி நின்றோம். பொங்கிய பால் சொல்லி வைத்தாற்போல் வடகிழக்காக வழிந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். "பாத்தியா, தெய்வ சம்மதம்!" என்று மாமா கை கூப்பினார். பிறகு அடுப்பைத் துடைக்கும்போது பார்த்தேன், தென்மேற்குக் காலுக்கு அடியில் ஒரு மரச் சக்கையைச் செருகி வைத்திருக்கிறார். சாமிக்கே முட்டுக் கொடுத்த மனிதர். கேட்டதற்கு, "நாம மொதல்ல சரியா வைக்கணும்மா. அப்புறம்தான் ஆண்டவன் செய்வான்" என்றார், கொஞ்சம்கூட வெட்கமில்லாமல்.

கேரவன் வாங்கியது அக்காவுக்காக என்று ஊரெல்லாம் சொன்னார். அதில் பாதி உண்மை. அக்காவுக்கு வாழ்க்கையில் ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. சின்ன வயதில் தோட்டத்திலிருந்து வருஷத்துக்கு ஒரு தடவை லோரியில் ஏற்றிக் கடற்கரைக்குக் கூட்டிப் போவார்கள். இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும் என்று வெயில் இருக்கும்போதே கிளப்பிவிடுவார்கள். சூரியன் கடலில் விழுவதை அவள் பார்த்ததே கிடையாது. கடல் அரைமணி தூரத்தில் இருந்தும் பார்த்ததில்லை. பால் மரம் வெட்டும் வேலை, பிறகு கையுறைத் தொழிற்சாலை, பிள்ளைகள், மாமியார். சாயங்காலம் என்பது அவளுக்கு எப்போதும் அடுப்படியில்தான் வந்தது. "கதவ தொறந்தா கடலு தெரியணும்டி. கையில ஒரு டீ. பொழுது எறங்குறத பாக்கணும். அவ்ளோதான்" என்பாள். மூச்சிரைப்பு உள்ளவள், முழங்கால் வேறு தேய்ந்தவள். ஓட்டல், விமானம் எதுவும் கேட்கவில்லை. ஒரு கதவு கேட்டாள்.

பண்டார் பாருவில் ஒரு சீன முதலாளி, தவுக்கே, பழைய கேரவனை விற்கிறார் என்று கேள்விப்பட்டு மூவரும் போனோம். தவுக்கே நல்ல மனிதர். வண்டியைச் சுற்றி வந்து எல்லாம் விளக்கினார். தாழ்ந்த பக்கத்துச் சக்கரத்தை முதலில் பலகையில் ஏற்று, சக்கரம் உருளாமல் கட்டை வை, பிறகு கொக்கியைக் கழற்று, முன்னால் இருக்கிற சின்னச் சக்கரத்தைத் திருகி முன்பின் மட்டம் பார். எல்லாம் முடிந்த பிறகுதான் நான்கு மூலையிலும் உள்ள கால்களை இறக்க வேண்டும், அதுவும் தரையைத் தொட்டால் போதும். அந்தக் கால்களைக் காலால் தட்டி, "இனி தொங்காட் சஜா, புக்கான் ஜெக்" என்றார். இது வெறும் ஊன்றுகோல், தூக்குகிற ஜாக்கி இல்லை என்று அர்த்தம். இதைத் தூக்கப் பயன்படுத்தினால் உடம்பு முறுக்கிக்கொண்டு கதவு திறக்காது என்றும் சொன்னார். நான் கேட்டேன், அக்கா கேட்டாள். மாமா அந்த நேரத்தில் வண்டிக்குள் ரசமட்டத்தை வைத்துக்கொண்டிருந்தார்.

கேரவன் வந்ததும் கடலுக்குப் போகவில்லை, சுங்கை பட்டாணி இரும்புக் கடைக்குப் போனோம். மட்டம் பார்க்கும் சாமான்கள் எடுக்க. ஒரு பகல் முழுவதும் அக்கா கடை வாசலில் ஒற்றைக் காலில் மாறி மாறி நின்றாள். மாமா ரசமட்டங்களை ஒவ்வொன்றாகக் கண்ணாடி மேசையில் வைத்துப் பார்த்து, தலைகீழ் மாற்றி வைத்துப் பார்த்து, குமிழி இரண்டு தடவையும் ஒரே இடத்தில் நிற்கிறதா என்று சோதித்தார். நல்ல ரசமட்டத்தைக் கண்டுபிடிக்கும் வழி அதுதான், மறுக்கவில்லை. அவர் முட்டாளாக இருந்திருந்தால் நான் மன்னித்திருப்பேன்.

"அண்ணே, எது எடுத்தாலும் ஒன்னுதான் லா. வண்டி நிக்கப் போறது மணல்ல. கட்டடமா கட்டுறீங்க?" என்றார் கடைக்காரர்.

"தம்பி, ஒன் மேசையே கோணல். அத மொதல்ல பாரு."

ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல். கடைசியில் மூன்று ரசமட்டம், மஞ்சள் நிறத்தில் சக்கரம் ஏறும் சரிவுப் பலகைகள், ஒரு ஜோடி ரப்பர் முட்டுக்கட்டை, கால்களுக்கு அடியில் வைக்கத் தட்டுகள், ஒரு பெரிய டப்பா கிரீஸ் எல்லாம் வண்டியில் ஏறின. படுக்கைக்கு மெத்தை வாங்க அவருக்கு நினைவே வரவில்லை. அக்கா வீட்டிலிருந்து பாய் எடுத்து வந்தாள்.

அந்தச் சாமான்களை அவர் பார்த்துக்கொண்ட அழகைச் சொல்ல வேண்டும். முட்டுக்கட்டைகள் சேறாகிவிடும் என்று பிளாஸ்டிக் உறையைக் கழற்றவே இல்லை. சக்கரத்துக்கு உடைந்த செங்கல்தான். ஆயுத பூஜைக்குச் சரிவுப் பலகைக்குச் சந்தனம், கால்களுக்குக் குங்குமம், ரசமட்டத்துக்கு மல்லிகைச் சரம். ஞாயிறு தவறாமல் மண்டி போட்டு மூலைக் கால்களின் திருகுகளுக்கு வழியவழிய கிரீஸ் பூசுவார். அவ்வளவு கிரீஸ் பூசினால் மணல் வந்து அப்பிக்கொள்ளும், துடைத்துவிட்டு லேசாக எண்ணெய் காட்டினால் போதும் என்று என் மகன் சொன்னான். "நீ பொறக்கறதுக்கு முன்னயே நா கிரீஸ் பாத்தவன்டா" என்று வந்தது பதில். திருகில் மணல் நறநறவென்று அரைந்தது. கால் தரையைத் தொட்டதா, வண்டியையே தூக்குகிறதா என்று கைக்குத் தெரியாத அளவுக்கு இறுகிப் போனது. இரும்புக் காலுக்கு வாராவாரம் மசாஜ் செய்த அந்தக் கை, அக்காவின் முழங்காலுக்கு ஒரு நாள் தைலம் தேய்த்து நான் பார்த்ததில்லை.

முதல் பயணம் கடலுக்கு இல்லை. செமிலிங்கில் அவருடைய நண்பர் ஒருவரின் பழத் தோட்டத்துக்கு. "ஒத்திக பாத்துட்டு போவோம்" என்றார். காலையில் போய்ச் சேர்ந்தோம். வண்டியை முன்னால் எடு, பின்னால் எடு, வாசல் கிழக்கே பார்க்கட்டும், இல்லை, காம்பஸ் தப்பு, மறுபடி எடு. அதற்குப் பிறகுதான் முக்கியமான வேலை. எல்லோரும் வண்டியை மட்டமாக நிறுத்துவார்கள். மாமா மட்டமாக நிறுத்திக் காட்டிவிட்டு, அதை வேண்டுமென்றே கெடுப்பார். ஈசானிய மூலை ஒரு விரல் தாழ்ந்து நிற்கும்படி மற்ற மூன்று மூலைகளையும் கால்களைத் திருகியே தூக்குவார். ஓடுகிற வண்டிக்கு ஏது ஈசானியம்? இன்று வடகிழக்காக இருக்கும் மூலை நாளைக்குத் தென்மேற்கு. இதைச் சொன்னால், "அதனாலதான் ஒவ்வொரு எடத்துலயும் புதுசா செய்யணும்" என்பார், நான் அவருக்கு ஆதாரம் எடுத்துக் கொடுத்த மாதிரி.

அவர் முடித்தபோது மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. அதுவரை யாரும் உள்ளே ஏறக் கூடாது. மட்டம் கலைந்துவிடும். அக்கா ரம்புத்தான் மரத்தடியில் ஐஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். உள்ளே போனால் வெங்காயம் உருண்டு ஒரு மூலைக்கு ஓடியது. கழுவிய தண்ணீர் தொட்டியில் தேங்கி நின்றது, ஓட்டை உயர்ந்த பக்கம் போய்விட்டது. கேஸில் ஓடும் குளிர்பெட்டி சாய்ந்தால் குளிராது, பால் திரிந்தது. தெற்கே தலை வைத்துத்தான் படுக்க வேண்டும் என்றார், படுத்த அக்கா தூக்கத்தில் நழுவி நழுவிச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். மறுநாள் அவளுக்குக் கழுத்து திரும்பவில்லை. மாமா நன்றாகத் தூங்கி எழுந்து, "பாத்தியா, என்னா நிம்மதியா இருக்கு!" என்றார். நிம்மதி யாருக்கு என்று கேட்க என் நாக்கு துடித்தது. அக்கா கண்ணைக் காட்டி அடக்கினாள். "போற எடத்துல வம்பு வேணாம்டி. அடுத்த தடவ கடலுக்கு கூட்டிட்டு போறேன்னிருக்காரு."

அடுத்த தடவை உண்மையாகவே கடலுக்குப் போனோம். மெர்போக் ஆறு கடலில் விழும் பக்கம், கரையோரமாகக் கேரவன் நிறுத்த இடம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில். அக்கா காலையிலேயே தலைக்குக் குளித்து, பச்சைப் புடவை கட்டி, பிளாஸ்கில் வேண்டாம், அங்கேயே போட்டுக் குடிக்க வேண்டும் என்று டீத்தூளைத் தனியாகப் பொட்டலம் கட்டி எடுத்து வந்திருந்தாள்.

நம் பக்கத்துக் கடல் மேற்கே. மாமாவின் வாசல் கிழக்கே. இதை அவள் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை. வண்டி நின்ற பிறகு அக்கா கதவருகே போய் நின்றாள். கதவுக்கு எதிரே பொதுக் கழிப்பறையின் சுவர். கடல் வண்டிக்குப் பின்பக்கம் இரைந்துகொண்டிருந்தது.

"ஏங்க, திருப்பி விட முடியாதா?"

"மேற்கப் பாத்து வாசலா? என்னா பேசற நீ? வீட்டுக்கு ஆவுமா அது?"

"இது வீடு இல்லியேங்க."

"நாம படுத்தா வீடுதான்."

மேற்குச் சுவரில் ஒரு ஜன்னல் உண்டு. மேற்கு ஜன்னல் திறந்தால் லட்சுமி போய்விடுவாள் என்று அதன் திரையை முன்பே நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி வைத்திருந்தார். அக்கா அந்தத் திரையை ஒரு தடவை பார்த்தாள். எனக்கு அவர் கழுத்தைப் பிடித்துக் கடலில் அமுக்கலாம் போல இருந்தது. சும்மா சொல்லவில்லை, உண்மையாகவே அப்படி இருந்தது.

கரை என்றால் கடலை நோக்கித்தான் சரியும். மேற்குச் சக்கரத்தை மஞ்சள் பலகையில் உச்சி வரை ஏற்றியும் வண்டி மட்டத்துக்கு வந்ததே தவிர, ஈசானியம் தாழவில்லை. அந்த ஒரு விரலுக்காக மனிதர் கன்னி மூலைக் காலைத் திருக ஆரம்பித்தார். சாயங்காலம் நெருங்கிவிட்டது. அக்கா டீ போட உள்ளே ஏறினாள்.

"ஏறிட்டியா? அப்ப எறங்காத. கன்னி மூலையில போயி உக்காரு. ஆளு கனத்தோட ஏத்துனாதான் சரியா நிக்கும். கதவ சாத்து, காத்துல ஆடுது."

நாற்பது வருஷம் குடும்பம் நடத்திய பெண்டாட்டியைப் பாரக்கல்லாக உட்கார வைத்துத் திருகினார். நறநறவென்று மணல் அரைந்தது. தகரம் எங்கோ முனகியது. "மாமா, போதும், அது தூக்கற ஜாக்கி இல்லன்னு தவுக்கே சொன்னாரு" என்றேன். "இன்னும் அரை சுத்து" என்றார். டக்கென்று ஒரு சத்தம். ரசமட்டத்தைப் பார்த்தார், முகம் மலர்ந்தது. ஒரு விரல், அச்சாக ஒரு விரல்.

"ஏங்க, கதவு தொறக்க மாட்டேங்குது."

நான் வெளியிலிருந்து இழுத்தேன். அசையவில்லை. தவுக்கே சொன்னபடியே உடம்பு முறுக்கிக் கதவைக் கவ்விக்கொண்டுவிட்டது. "அந்த மூலைய எறக்குங்க மாமா" என்றேன். அவர் கைப்பிடியைத் திருகில் மாட்டினார். மாட்டியவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கைப்பிடியை உருவிக்கொண்டார்.

"நாலரை ஆயிருச்சு. ஞாயித்துக்கெழம ராகு காலம். ஆறு வரைக்கும் கை வைக்கக் கூடாது."

முதலில் விளையாடுகிறார் என்று நினைத்தேன். "அக்கா உள்ள இருக்காங்க மாமா!"

"இருக்கட்டுமே. வீட்டுக்குள்ளதான இருக்கா. நல்ல நேரத்துல ஏத்தி வச்சத ராகு காலத்துல எறக்குனா குடும்பமே எறங்கிரும். ஒனக்கு இதெல்லாம் தெரியாதும்மா, பேசாம இரு."

பக்கத்தில் வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பீசாங் கோரேங் பொரித்துக்கொண்டிருந்த மலாய்க்காரர் சத்தம் கேட்டு வந்தார். "அப்பா ஹால், கக்?" என்று என்ன விஷயம் என்று விசாரித்தார். கதவு மாட்டிக்கொண்டது என்றேன். கம்பி கொண்டு வந்து நெம்புகிறேன் என்று திரும்பியவரை மாமா கையை நீட்டித் தடுத்தார். "தாக் போலே, பாங். துங்கு புக்குல் எனாம்." ஆறு மணி வரை காத்திரு என்கிறார். அந்த மனிதர் என்னைப் பார்த்தார். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. மாமா கைப்பிடியை இடுப்பில் செருகிக்கொண்டு, பிக்கப்பில் ஏறிக் கண்ணாடியை ஏற்றிவிட்டார். உள்ளே ஏர்கான் ஓடியது.

தகரப் பெட்டிக்குள் அக்கா இருமுவது கேட்டது. மத்தியானம் முழுவதும் வெயிலில் காய்ந்த தகரம். நான் மேற்குப் பக்கம் ஓடி ஜன்னலைத் தட்டினேன்.

"அக்கா! ஜன்னல தொற!"

"டேப்பு ஒட்டியிருக்காருடி." மூச்சு இழுத்து இழுத்துப் பேசினாள்.

"கிழிக்கா!"

"திட்டுவாரு."

"அக்கா, நீ செத்துப் போனாலும் ஆறு மணிக்குத்தான் எடுப்பாரு. கிழி!"

பிறகு டேப் கிழிந்தது, நாலு பக்கமும், ஒன்றன்பின் ஒன்றாக. திரை விழுந்தது. ஜன்னல் வெளியே தள்ளித் திறந்தது. ஆள் நுழையும் அளவு இல்லை, முகமும் இரண்டு கையும் மட்டும் வரும் அளவு. வியர்வையில் குங்குமம் கரைந்து மூக்கு வரை வழிந்திருந்தது. அவள் பையிலிருந்த மூச்சு மருந்தை இழுத்துக்கொண்டாள். காற்று நேராக அவள் முகத்தில் அடித்தது. என்னைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலே பார்த்தாள்.

"அடியே, எம்மாங் கிட்டக்க இருக்கு!" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் என்னைக் கூப்பிடவில்லை. உள்ளே கேஸ் பற்ற வைக்கும் சத்தம் கேட்டது. டீ வாசனை வந்தது. கொஞ்ச நேரத்தில் ஜன்னல் விளிம்பில் ஒரு கண்ணாடிக் கிளாஸ் வந்து உட்கார்ந்தது. சாய்மானத்தில் டீ ஒரு பக்கமாக நின்றது, அவள் அதைக் கண்டுகொள்ளவில்லை. எனக்கும் ஒரு கிளாஸ் நீட்டினாள். நான் மணலில் உட்கார்ந்து குடித்தேன்.

ஆறடித்ததும் மாமா இறங்கினார். தேங்காய் இல்லை, கற்பூரம் மட்டும் காட்டினார். கைப்பிடியைப் போட்டுத் திருகினார். மூலை இறங்கியது, தகரம் பெருமூச்சு விட்டது, கதவு தானாகவே ஒரு இஞ்ச் விலகிக் கொடுத்தது. "பாத்தியா? நல்ல நேரத்துல செஞ்சா அதுவா தொறக்கும். வெளிய வா புள்ள" என்றார்.

உள்ளேயிருந்து ஒரு கை கதவை இழுத்துச் சாத்தியது. தாழ்ப்பாள் விழுந்தது.

"பொழுது எறங்கட்டும். அப்புறம் வாறேன்."

அந்தக் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவரை ஆட்டியது. கோபத்துக்குப் பதில் சொல்லத் தெரிந்த மனிதர் அவர். கதவை ஒரு தடவை தட்டினார், ரெண்டு தடவை தட்டினார். பீசாங் கோரேங்காரர் எண்ணெய்ச் சட்டிக்கு மேலாக எட்டிப் பார்த்தார். மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு மடக்கு நாற்காலியை விரித்து, கிழக்கே பார்த்துப் போட்டு, கழிப்பறைச் சுவருக்கு எதிரே உட்கார்ந்தார். மடியில் ரசமட்டம்.

சூரியன் ஏழு மணிக்கு மேல்தான் இறங்கியது. பெரிதாக, சிவப்பாக, அவசரமே இல்லாமல். நான் மணலிலிருந்து பார்த்தேன். அக்கா ஜன்னலில் கன்னத்தைச் சாய்த்துக்கொண்டு பார்த்தாள். முழுதாக விழுந்த பிறகும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு தாழ்ப்பாள் விலகியது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு, கையில் இரண்டு காலி கிளாஸோடு படி இறங்கினாள். மாமா எழுந்து வந்தார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று ஒரு நொடி நானே ஏமாந்துவிட்டேன்.

"உள்ள மட்டம் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார்.

"நா பாக்கலங்க" என்று சொல்லிவிட்டு, அக்கா அவரைத் தாண்டிக் கிளாஸ் கழுவக் குழாயடிக்குப் போனாள்.